சைமன்ராஜின் இரண்டு வாரம்

நல்லவர் என்று பெயர் வாங்க இரண்டு வழிகள் இருக்கின்றன. நல்லது செய்வது ஒன்று; அதில் உழைப்பு அதிகம். யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாமல் இருப்பது மற்றொன்று. நெய்வேலி நகரியத்தின் இருபத்தோராம் வட்டத்தில் குடியிருக்கும் மருதாசலம் இரண்டாவது வழியாக வந்தவர். அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அதைக் குணம் என்று ஊர் சொன்னது. குணம்தானா, அல்லது எதிரில் நிற்பவரின் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தெம்பில்லாத பயமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் ஊருக்குத்தான் நஷ்டம்.

அவருடைய அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். மருதாசலம் பிறந்ததும் படித்ததும் நகரியத்திலேயே. வேலையும் சுரங்கத்தில்தான், மேல்மண் அகற்றும் பிரிவில். நிலக்கரிக்கு மேலே பல பனை உயரத்துக்கு மண் கிடக்கும். ராட்சச இயந்திரம் அதை வெட்டித் தள்ள, கன்வேயர் பெல்ட் சுமந்துபோய், தோண்டி முடித்த பள்ளத்தில் கொட்டும். அந்தப் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது மருதாசலத்தின் உத்தியோகம். மலை மலையாக மண்ணை இடம் மாற்றி அனுப்பியவர், தன் வீட்டு அறையிலிருந்து ஒரு கட்டிலை அனுப்ப முடியாமல் நாலு வருஷம் தவித்தார் என்பதுதான் இந்த வாழ்க்கையின் முக்கியமான சம்பவம். வேறு பெரிய சம்பவங்கள் இல்லை.

கட்டில் சைமன்ராஜுடையது. அதே பிரிவில் அவருக்கு மூத்தவர், அதே தெருவில் மூன்றாவது வீடு. ரிட்டயர் ஆகிப் பெங்களூரில் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் நாளில் வீடு துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். ஆபீஸிலிருந்து வருபவர் காலி அறைகளைச் சுற்றிப் பார்த்து, மின்விசிறியையும் குழாயையும் சரிபார்த்து, சாவியை வாங்கிக்கொள்வார். ஆனால் லாரி நினைத்த நாளில் வராது. ஆகவே முதல் நாளே சாமான்களைப் பக்கத்து வீடுகளில் பிரித்துப் போட்டுவைப்பது நகரியத்தின் வழக்கம். கட்டில் ஒரு வீட்டில் நிற்கும், அண்டா குண்டான் இன்னொரு வீட்டில் இருக்கும், லாரி வந்ததும் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்கிற ஏற்பாடு என்பதால் நன்றிகூடச் சொல்வதில்லை.

சைமன்ராஜ் பிரித்துப் போடவில்லை. ஒரே இடத்தில் இருந்தால் எடுக்கச் சுலபம் என்று எல்லாவற்றையும் மருதாசலம் வீட்டிலேயே இறக்கினார். நியாயமான யோசனை. மறுநாள் வந்த வண்டி சிறிய வண்டி. பாதிச் சாமான் ஏறியதும் நிறைந்துவிட்டது. மீதியைப் பார்த்துச் சைமன்ராஜ், “ரெண்டு வாரம் தம்பி” என்றார். மருதாசலம், “அதனால என்னண்ணே” என்றார். இரண்டு பேருமே அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னார்கள்.

அப்படித் தங்கியவை: கட்டில், பூட்டிய இரும்பு பீரோ, ஓடாத பிரிட்ஜ், மிதித்தாலும் நகராத உடற்பயிற்சி சைக்கிள், சைமன்ராஜ் கைப்பந்தில் வாங்கிய கோப்பைகள் நிற்கும் கண்ணாடி அலமாரி, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் உள்ள அட்டைப்பெட்டி. பீரோவின் சாவி மட்டும் பெங்களூர் போனது. சாமான்களோடு ஒரு முகவரியும் தங்கிவிட்டது. மகன் வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவன்; ஆதாரில் எந்த வீட்டைப் போடுவது? எனவே மருதாசலம் வீட்டு முகவரியையே போட்டுக்கொள்வதாகச் சைமன்ராஜ் சொன்னார். அதற்கும் மருதாசலம் அதனால் என்ன என்றுதான் சொன்னார். சைமன்ராஜ் பேருக்கு வரும் தபாலை மருதாசலத்தின் மனைவி செங்கமலம் கையெழுத்துப் போட்டு வாங்கி ஓடாத பிரிட்ஜின் தலையில் வைப்பாள். யாராவது பெங்களூர் போனால் கொடுத்தனுப்புவார்கள். ஒருவர் ஊரை விட்டுப் போவது என்றால் எது போனால் போனதாகக் கணக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. உடம்பு மட்டும்தான் பெங்களூர் போயிருந்தது.

ஒரு பொருளை நாலு வருஷம் துடைத்தால் அதன் மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது. கட்டிலில் அரிசி மூட்டை ஏறியது. சைக்கிளில் ஈரத்துணி காய்ந்தது. செங்கமலத்துக்குப் பிறந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். அங்கிருந்து வரும் முந்திரிப் பருப்பு பிரிட்ஜுக்குள் போனது. ஓடாத பிரிட்ஜுக்குள் எறும்பு வராது என்பது அவள் கண்டுபிடித்த உண்மை. பீரோ ஒன்றுதான் யாருக்கும் உதவாமல், வாயைத் திறக்காமல், வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி நின்றது.

இப்படியே இன்னும் நாலு வருஷம் போயிருக்கும். ஆனால் மகள் சத்யா முழுகாமல் இருந்தாள். ஓசூரில் இருந்தவளை ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பிறந்த குழந்தையோடு சில மாதம் தங்குவாள். தங்குவதற்கு வீட்டில் இருப்பது ஒரே ஓர் அறை. அதில் சைமன்ராஜ் இல்லாமலே குடியிருந்தார்.

செங்கமலம் கத்துகிற பெண் அல்ல. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

“ஏங்க, பொண்ணு வந்தா எங்க படுக்கும்? கோப்பைங்களுக்கு நடுவுலயா?”

“பேசறேன்.”

“நாலு வருஷமா பேசிக்கினுதான இருக்கீங்க. வாராவாரம் மழை பெஞ்சுதா, முட்டி வலி எப்பிடி இருக்குன்னு பேசறீங்க. பீரோவப் பத்திதான் பேசறதில்ல.”

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைமன்ராஜ் தவறாமல் கூப்பிடுவார். குரலில் அப்படி ஒரு பாசம். சத்யாவைப் பற்றி விசாரிப்பார், செங்கமலத்தின் சர்க்கரையைப் பற்றி விசாரிப்பார். பாசமாகப் பேசுகிறவரிடம் பிரிட்ஜைப் பற்றிப் பேச்செடுப்பது எப்படி? கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம் என்று மருதாசலம் வருத்தப்படுவார். நல்லவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கொடுமைக்கு அளவில்லை.

செங்கமலத்துக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த ஏழு எவர்சில்வர் தாம்பாளங்கள், அவள் பெயர் வெட்டியவை, காணாமல் போய் நாளாகிவிட்டது. வளைகாப்புக்குச் சீர் வைக்க அவை வேண்டும். எதிர்வீட்டு ஆதிலட்சுமி ஒரு விசேஷத்துக்கு வாங்கிப் போனவள் திருப்பித் தரவில்லை என்பது செங்கமலத்தின் தீர்ப்பு. கொடுத்துவிட்டேன் என்று ஆதிலட்சுமி சத்தியம் செய்தாள். சத்தியத்தை வைத்துச் சீர் வைக்க முடியாது என்று செங்கமலம் சொன்னாள். அன்றிலிருந்து இரு வீட்டுக் கோலங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாதவர் என்ன செய்வார்? ஆலோசனை கேட்பார். மருதாசலம் கேட்டார். சுரங்கத்துக்குப் போகும் ஷிப்ட் பஸ்ஸில் ஒரு பிரச்சினையைச் சொன்னால் இறங்கும் இடம் வருவதற்குள் பத்து வழி கிடைக்கும். ஒருவர் விற்றுவிடச் சொன்னார், ஒருவர் கோயிலுக்கு எழுதிவைக்கச் சொன்னார், சைமன்ராஜ் மாதா கோயில்காரர் என்று இன்னொருவர் திருத்தினார். காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் சிலம்பரசன், புதிதாகக் கல்யாணமாகி நகரியத்துக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவன், போனில் படம் எடுத்துப் போட்டால் ஒரே நாளில் ஆள் வந்து தூக்கிப் போய்விடுவார்கள் என்றான். தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் டீக்கடையில் சிரித்தே விட்டார். சாமான் காணோம் என்று வருகிறவர்களைத்தான் தன் சர்வீஸில் பார்த்திருக்கிறாராம். சாமான் போகமாட்டேன் என்கிறது என்று வந்தவர் இவர்தானாம்.

கடைசியில் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார். முந்திரி மண்டிக்கு மேல்மாடியில் நெடுமாறன் என்கிற வக்கீலின் அறை. கீழே பருப்பு வறுபடும் வாசனையில் மேலே சட்டம் பேசினார்கள்.

“நீங்க கேட்டு வாங்கல. சரி. வேணாம்னு சொன்னீங்களா?” என்றார் நெடுமாறன்.

“அது எப்பிடிங்க சொல்றது?”

“அப்ப பத்திரமா வச்சிருக்கிறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. பொருள் அவரோடது, பொறுப்பு ஒங்களோடது.”

பிறகு அவர் விளக்கினார். சொந்தச் சாமானை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் இதற்கும் வேண்டும். வீதியில் எறியக் கூடாது. விற்கக் கூடாது, விற்றால் நம்பிக்கை மோசடி என்று அவர் வழக்குப் போடலாம். பீரோவின் பூட்டை உடைக்கவே கூடாது. உடைத்தால் உள்ளே அம்மாவின் அட்டிகை இருந்தது என்பார், இல்லை என்று நிரூபிப்பது யார்? ஆனால் காலம் முழுக்கச் சுமக்கவேண்டிய அவசியமும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கேட்கலாம், நியாயமான அவகாசம் கொடுக்கலாம். அதற்கும் வராவிட்டால் இரண்டு சாட்சிகளை வைத்து என்னென்ன இருக்கிறது என்று எழுதி, படமெடுத்து, பத்திரமான வேறு இடத்துக்கு மாற்றி, மாற்றிய இடத்தை அவருக்குத் தெரிவிக்கலாம். விற்பதென்றால் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லை கோர்ட் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வழி.

மருதாசலத்துக்குச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. முகத்தைப் பார்க்காமல் பேச இப்படி ஓர் ஏற்பாட்டை யாரோ செய்து வைத்திருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்தது.

“அந்தச் சாமான் எதையாவது நீங்க பொழங்குறீங்களா?” என்று வக்கீல் கேட்டார். “பொழங்கினா கேஸு வேற மாதிரி போகும்.”

அரிசி மூட்டையும் ஈரத்துணியும் முந்திரிப் பருப்பும் மருதாசலத்தின் கண்முன் வந்து நின்றன.

“இல்லைங்க” என்றார்.

தயங்காமல் அவர் சொன்ன முதல் இல்லை அது. பொய்.

நோட்டீஸில் இரண்டு வாரம் அவகாசம் கொடுக்கலாம் என்று வக்கீல் சொன்னபோது, அந்த அளவு எங்கேயோ கேட்டது போல இருந்தது மருதாசலத்துக்கு. முகவரி என்ன என்று குமாஸ்தா கேட்டார். சைமன்ராஜ் எதற்காவது உதவும் என்று பிறகு அனுப்பிவைத்திருந்த ஆதார் நகலை மருதாசலம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும் எதையும் பார்த்துக் கொடுத்துப் பழக்கம் இல்லாதவர், இதையும் பார்க்கவில்லை. நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லவும் மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பாவம் செய்தவர் போலப் பஸ் ஏறினார்.

சில நாளில் வக்கீல் கூப்பிட்டார். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது, வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், ஒப்புகை அட்டை வந்துவிட்டது என்றார். மருதாசலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்ததும், திட்டு வாங்கத் தயாராகி எடுத்தார். ஆனால் சைமன்ராஜ் எப்போதும் போல மழை பெய்ததா என்றார். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். சத்யாவுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். நோட்டீஸைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மருதாசலத்தைக் கொன்றது அதுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வக்கீல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி வலியைக் கேட்கிறார் என்றால் அந்த மனசு எப்பேர்ப்பட்ட மனசு! தன் அற்பத்தனத்தை எண்ணி எண்ணிக் கூசினார். அடுத்த ஞாயிறும் அதே பாசம். அந்தப் பெருந்தன்மையின் முன் அவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகினார். ஷிப்ட் பஸ்ஸில் சிலம்பரசனிடம், மனுசன்னா சைமன்ராஜ் மாதிரி இருக்கணும் என்று சொல்லவும் செய்தார். நாம் பிறர் மீது ஏற்றிவைக்கும் மகத்துவங்களில் எத்தனை, அவர்களுக்குத் தபால் போய்ச் சேராததால் வந்தவை என்று யாராவது ஆராய வேண்டும்.

அவகாசம் முடிந்தது. வண்டி எதுவும் வரவில்லை. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. செங்கமலம் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள். அவன் வருவதற்குள் காலி செய்யாவிட்டால் பெண்ணை ஓசூரிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். சம்பந்தி வீட்டில் தலை குனிவது யார் என்று மட்டும் யோசித்துக்கொள்ளச் சொன்னாள்.

வேறு வழியில்லாமல் மருதாசலம் வக்கீல் சொன்ன அடுத்த படிக்குப் போனார். சாட்சிக்குச் சிலம்பரசன் வந்தான். இன்னொரு சாட்சிக்கு வெட்கத்தைவிட்டு எதிர்வீட்டில் கேட்டார். ஆதிலட்சுமி வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் பகைவீட்டு அறையைச் சட்டப்படி உள்ளே வந்து பார்க்கக் கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்? வந்தாள். செங்கமலம் சுவரைப் பார்த்து நின்றாள். ஆதிலட்சுமி கூரையைப் பார்த்து நின்றாள்.

சிலம்பரசன் ஒவ்வொன்றாகச் சொல்ல மருதாசலம் எழுதினார். பிரிட்ஜ் என்று சொல்லிக் கதவைத் திறந்தவன் முந்திரிப் பருப்பைப் பார்த்துவிட்டு, இதையும் எழுத வேண்டுமா என்று கேட்டான். மூடச் சொன்னார். பிரிட்ஜின் தலையில் இருந்த தபால் கட்டை எடுத்து வைக்கப் போனான். மேலாக இருந்த உறையைத் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணே, இது வக்கீல் ஆபீஸ் கவரு. நெடுமாறன், பண்ருட்டின்னு போட்டிருக்குது.”

மருதாசலம் வாங்கிப் பார்த்தார். சைமன்ராஜ் என்ற பெயர். அதன் கீழே அவருடைய வட்டம், அவருடைய தெரு, அவருடைய வீட்டு எண்.

செங்கமலம் சுவரைப் பார்ப்பதை விட்டுத் திரும்பினாள்.

“நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவுருக்கு வர்றதெல்லாம் நான்தான வாங்கறேன்.”

“தெரிஞ்சா வாங்கின?”

“வக்கீலு பேரு படிக்கத் தெரியாதா எனக்கு? நம்ம வூட்டுக்காரு நம்ம வூட்டுக்கே நோட்டீசு வுட்டுக்கினு, பதில் வரலன்னு தூங்காம கெடக்கறாருன்னு யார்கிட்ட போயி சொல்றது?”

ஆதிலட்சுமி கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன் சொல்லல?” என்றார் மருதாசலம்.

“சொன்னா அதையே சாக்கா வச்சிக்கினு திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க. எப்பிடியும் ஒரு நாள் ரூமத் தொறந்து எழுத ஒக்காருவீங்க இல்ல? அது வரைக்கும் வரட்டும்னு இருந்தேன்.”

சட்டம் இத்தனை நாள் அவருக்கும் சைமன்ராஜுக்கும் நடுவில் ஒரு திரை மாதிரி இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிகள் முன்னால் பின்வாங்குவதும் கடினம். மருதாசலம் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அவர் அழைத்ததே சைமன்ராஜுக்கு ஆச்சரியம். யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார்.

“ஒண்ணும் ஆவலண்ணே. பொண்ணு வருது. ரூம் வேணும். சாமானை எடுத்துக்குங்க.”

எல்லாமாகச் சேர்த்துப் பத்து வார்த்தைகூட இல்லை. இவ்வளவையும் சொல்ல நாலு வருஷமும் ஒரு வக்கீலும் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் பக்கம் சைமன்ராஜ் சிரித்தார். “அட, இதுக்கா தம்பி தயங்கின? நீங்கதான் பொழங்கிக்கினு இருக்கீங்களே, கேட்டா சங்கடப்படுவீங்கன்னு நான் வாயத் தொறக்காம இருந்தேன்.”

ஆகப் பெருந்தன்மை அங்கேயும் இருந்திருக்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்ததில், நடுவில் ஓர் அறை நாசமாகப் போயிருந்தது.

சனிக்கிழமை சைமன்ராஜ் வந்தார். முத்தாண்டிக்குப்பத்தில் அவருடைய தங்கை மார்த்தாள் வீட்டுக்குச் சாமான்களைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. வந்த வண்டி இந்தமுறையும் சிறிய வண்டிதான். மருதாசலத்தைக் கட்டிப் பிடித்தார், செங்கமலத்திடம் சர்க்கரையை விசாரித்தார். ஒப்படைக்கும்போதும் அதே சாட்சிகள் இருக்கட்டும் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் சிலம்பரசனும் ஆதிலட்சுமியும் நின்றார்கள். ஆதிலட்சுமியை இப்போதெல்லாம் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை.

பீரோவைத் தூக்கினார்கள். உள்ளே என்னவோ உருண்டது. கனம் குறையட்டும், உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று சைமன்ராஜ் சாவியைப் போட்டுத் திறந்தார். மருதாசலம் எட்டிப் பார்த்தார். அட்டிகை, பத்திரம், பட்டுப்புடவை என்று அந்தப் பூட்டுக்குப் பின்னால் அவர் கற்பனை செய்து காவல் காத்த சொத்து கொஞ்சமா?

மேல்தட்டில் பழைய காலண்டர்கள். நடுத்தட்டில் ஒரு கிழிந்த கைப்பந்து. கீழ்த்தட்டில், செய்தித்தாளில் சுற்றி, அடுக்கி வைத்த தாம்பாளங்கள்.

சைமன்ராஜ் ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்தார். வெட்டியிருந்த பெயரைத் தூரப் பிடித்துப் படித்தார்.

“செங்கமலம்… அட, இது ஒங்களுதும்மா! எங்க பொண்ணு ஸ்டெல்லா நிச்சயதார்த்தத்துக்குத் தம்பிகிட்ட வாங்கினது. திருப்பித் தரணும்னு எடுத்துத் தனியா பூட்டி வச்சேன். பாரு, ஒரு கீறல் இல்ல. எவ்வளவு பத்திரமா இருக்குது!”

பத்திரமாகத்தான் இருந்தது. மருதாசலத்தின் தாம்பாளங்களைச் சைமன்ராஜ் பீரோவுக்குள் வைத்துக் காத்தார். சைமன்ராஜின் பீரோவை மருதாசலம் வீட்டுக்குள் வைத்துக் காத்தார். தன் தட்டுகளுக்கே தான் பொறுப்பாளி என்று பயந்து, பூட்டை உடைக்கக் கூடாது என்ற சட்டத்தையும் மதித்து நடந்தார். யார் பொருள் யார் வீட்டில் என்ற கேள்விக்கு இதைவிட ஒழுங்கான பதிலைச் சட்டப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது.

செங்கமலம் மட்டும் தட்டுகளைப் பார்க்கவில்லை. ஆதிலட்சுமியையும் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். ஆதிலட்சுமி கூரையைப் பார்க்கவில்லை. நேராகச் செங்கமலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி நிறைந்துவிட்டது. பிரிட்ஜும் சைக்கிளும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றன. சைமன்ராஜ் அவற்றைப் பார்த்தார். பிறகு மருதாசலத்தைப் பார்த்தார். அதே பாசமான முகம்.

“தம்பி, இது ரெண்டும் மட்டும்…”

மருதாசலத்தின் உதடு பழக்கப்படி ‘அதனால என்ன’வுக்குத் திரும்பியது. அது தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு திரும்பி வந்தது.

“இல்லைங்கண்ணே.”

சைமன்ராஜின் முகம் சுருங்கியது. மருதாசலம் இத்தனை வருஷமாகப் பயந்த அந்தச் சுருக்கம் இதுதான். ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சிலம்பரசன் நல்ல பையன். கல்யாணமான புதுசு, வீட்டில் சாமான் குறைவு, இடம் நிறைய. அவன் வாயைத் திறந்து, “நம்ம வூட்ல வேணா…” என்று ஆரம்பித்தான். மருதாசலம் அவன் காலை மிதித்தார். பாராட்ட வேண்டுமானால் இந்த வாழ்க்கையில் இதைப் பாராட்டலாம். ஓர் இளைஞனை நல்லவனாகாமல் தடுத்தார்.

“அப்ப ரெண்டாவது நடை அடிச்சிடலாம்ங்க” என்றார் வண்டிக்காரர். “முத்தாண்டிக்குப்பம்தான, என்னா தூரம்?”

இரண்டாவது நடை என்ற ஒன்று உலகத்தில் நாலு வருஷத்துக்கு முன்பும் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

வண்டி இரண்டாவது முறையும் போய் மறைந்தது. அறை திறந்து கிடந்தது. கட்டில் கால்கள் நின்ற இடத்தில் மட்டும் தரை வேறு நிறம். மருதாசலம் உள்ளே போய் நின்று பார்த்தார். தானும் இன்னும் சில வருஷத்தில் ரிட்டயர் ஆகி இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஏனோ அப்போதுதான் தோன்றியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

வாசலில் ஆதிலட்சுமி கிளம்பவில்லை. செங்கமலம் தாம்பாளங்களைத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். ஏழையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அந்தச் சொல்லை எப்படித் தொடங்குவது என்றே தெரியாது. தட்டுகளை நீட்டினாள்.

“வெள்ளையடிக்கப் போறாங்க. எல்லாம் சுண்ணாம்பாயிடும். வளைகாப்பு வரைக்கும் இத ஒங்க வூட்ல வச்சிக்கிறியா?”

ஆதிலட்சுமி கையை நீட்டவில்லை.

“எத்தினி நாளைக்குக்கா?”

“ரெண்டு வாரம்.”

“சாட்சி இருக்காங்களா? எழுதிக்கலாமா?”

செங்கமலம் நீட்டிய கையை மடக்கவில்லை. அறை வாசலில் நின்ற மருதாசலம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் இருப்பதே நல்லது என்று சரியாகவே முடிவு செய்தார்.

ஆதிலட்சுமி தட்டுகளை வாங்கிக்கொண்டாள். வாங்கி, தெரு நடுவில் நின்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணத் தொடங்கினாள். ஏழு வரும் வரைக்கும் செங்கமலம் தலை நிமிராமல் நின்றாள்.